காயப்பட்டவரின் லீவைக் கரைக்காதீர்கள்: நியூ சவுத் வேல்ஸில் தொழில் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு சிட்னியிலும் மாநிலத்தின் மற்ற ஊர்களிலும் மளிகைக் கடை, உணவகம், துப்புரவு ஒப்பந்தம், முதியோர் இல்லம், கட்டட வேலை என்று தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சம்பளக் கணக்கைப் பார்க்கும் மேலாளர்களுக்கும், வணக்கம்.

வேலையில் முதுகு பிடித்தோ கை வெட்டுப்பட்டோ வீட்டில் இருக்கிற ஊழியருக்கு வாராவாரம் இழப்பீடு போகிறது. அந்தக் காலத்தில் அவருடைய ஆண்டு விடுமுறை, அதாவது எல்லாரும் ஆனுவல் லீவு என்று சொல்வது, என்ன ஆகிறது? "காம்ப்பில் (இழப்பீட்டில்) இருக்கும்போது லீவு ஏறாது, எடுக்கவும் முடியாது" என்பதுதான் உங்களில் பலர் வைத்திருக்கும் பதில். நியூ சவுத் வேல்ஸில் அந்தப் பதில் தவறு. அவருடைய லீவு ஏறிக்கொண்டே இருக்கும். அவர் கேட்டு நீங்கள் ஒத்துக்கொண்டால் எடுக்கவும் முடியும். எடுக்கிற வாரங்களில் லீவுச் சம்பளமும் இழப்பீடும் இரண்டுமே அவருக்குச் சேர வேண்டும். சம்பளக் கணக்கும், காயப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பும் ஏற்பாடுகளும் பார்ப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். தெரியாமல் நடக்கும் இந்தத் தவறில் நஷ்டப்படுவது உடம்பு முடியாமல் கிடக்கிற ஆள் என்பதால் அழுத்தியே சொல்கிறோம்.

இந்தத் தவறான பதில் எங்கிருந்து வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியா முழுவதற்குமான வேலைச் சட்டமான 2009-ஆம் ஆண்டின் ஃபெயர் வொர்க் சட்டத்தில் 130-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை மட்டும் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இழப்பீடு பெற்றுக்கொண்டு வேலைக்கு வராமல் இருக்கும் காலத்தில், தேசியக் குறைந்தபட்சத் தரங்களின்படியான லீவை எடுக்கவோ சேர்க்கவோ ஊழியருக்கு உரிமை இல்லை என்கிறது அது. ஆனால் அடுத்த உட்பிரிவு, மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டம் அனுமதித்தால் இந்தத் தடை பொருந்தாது என்கிறது. முடிவு முழுக்க அந்த இரண்டாவது உட்பிரிவில்தான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் அந்த அனுமதி 1987-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் வருகிறது. வேலை செய்ய இயலாத ஒரு காலத்துக்கு ஊழியர் ஆண்டு விடுமுறைச் சம்பளமோ நீண்டகாலச் சேவை விடுமுறைச் சம்பளமோ பெற்றிருந்தாலும், பெற உரிமை உடையவராக இருந்தாலும், அதே காலத்துக்கு இழப்பீடும் கொடுக்கப்பட வேண்டும். லீவுச் சம்பளத்தைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாது. இது ஃபெயர் வொர்க் சட்டம் கேட்கும் அனுமதி ஆகுமா என்று சில காலம் சண்டை இருந்தது. ஆங்கிலிக்கன் கேர் நிறுவனத்துக்கும் மாநிலத்தின் தாதியர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015-இல், அது அனுமதிதான் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டில் இருந்த காலத்திலும் ஆண்டு விடுமுறை சேர்ந்தது என்பதே அதன் முடிவு. அதற்குப் பிறகும் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. 1998-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்திலும், அதாவது வேலையிடக் காயங்களைக் கையாளும் சட்டத்திலும், ஒரு 49-ஆம் பிரிவு உண்டு. அது காயப்பட்டவருக்குப் பொருத்தமான வேலை கொடுக்கும் கடமையைப் பற்றியது. மின்னஞ்சலில் "செக்‌ஷன் 49" என்று மட்டும் எழுதினால் இரண்டு தரப்பும் வேறு வேறு பிரிவைப் படித்துக்கொண்டு வாதாடும். ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

"எங்களுடையது கம்பெனி இல்லை, பார்ட்னர்ஷிப்தான், இந்தச் சட்டம் எங்களுக்கு வராது" என்பவர்களுக்கு: 2010 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தின் தனியார் துறை முழுவதும், தனி ஆள் நடத்தும் கடை உட்பட, ஃபெயர் வொர்க் சட்டம் பொருந்தும் தேசிய அமைப்பின் கீழ்தான் இருக்கிறது. மாநில அரசிலும் நகரசபைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு விதிகள். இந்த மடல் அவர்களைப் பற்றியது இல்லை. கேஷுவல் ஊழியர்களுக்கு ஆண்டு விடுமுறையே கிடையாது என்பதால் அவர்களும் இதில் வரமாட்டார்கள். ஆனால் தற்காலிக விசாவில் இருக்கும் முழுநேர, பகுதிநேர ஊழியர்கள் வருவார்கள்; விசாவைக் காட்டி இந்த உரிமையைக் குறைக்க வழி இல்லை.

இனி கணக்கு. வாரம் 38 மணிநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 4 வாரம், அதாவது 152 மணிநேரம் லீவு. 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 2.923 மணிநேரம். அவர் 40 வாரம் இழப்பீட்டில் இருந்தால் ஏற வேண்டியது ஏறக்குறைய 117 மணிநேரம். மணிக்கு 30 டாலர் என்றால் சுமார் 3,508 டாலர், அவார்டுப்படி (அந்தத் துறைக்கான சம்பள விதிகளின்படி) 17.5 சதவீத லோடிங், அதாவது லீவுச் சம்பளத்தின் மேல் கூடுதல் தொகை, உண்டென்றால் இன்னும் 614 டாலர். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகை இல்லை. பேரோல் மென்பொருளில் ஒரே ஒரு டிக் விழாததால் இவ்வளவும் காணாமல் போகிறது.

அந்த டிக் எங்கே என்றால், இழப்பீட்டுக்கென்று தனியாக உருவாக்கும் சம்பள வகையில். பல மென்பொருள்களில் அந்த வகையை உருவாக்கும்போது "லீவு சேராது" என்பது தானாகவே விழுந்துவிடும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைத் திறந்து ஆண்டு விடுமுறை சேரும்படி மாற்றுங்கள். நோய் விடுமுறைக்கு மட்டும் மாற்றாதீர்கள்: 1987 சட்டத்தின் 49-ஆம் பிரிவு அதைத் தொடுவதில்லை, ஆகவே முழுதும் வேலைக்கு வராத காலத்தில் நோய் விடுமுறை சேராது. இரண்டையும் ஒன்றாகத் திறந்தாலும் பிழை, ஒன்றாக மூடினாலும் பிழை. பகுதி நேரமாகத் திரும்பியவர், உதாரணமாக வாரம் 15 மணிநேரம் வேலை, மீதி 23 மணிநேரம் இழப்பீடு என்று இருப்பவர், 38 மணிநேரத்துக்கும் ஆண்டு விடுமுறை சேர்ப்பார். நோய் விடுமுறை அந்த 15 மணிநேரத்துக்கு மட்டும்.

லீவு எடுக்கும் வாரத்தில் பணம் எப்படிப் போகும்? காயத்துக்கு முந்திய சராசரி வாரச் சம்பளம் 1,250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 13 வாரத்துக்குள் வேலை செய்யவே இயலாதவர் என்றால் இழப்பீடு அதில் 95 சதவீதம், 1,187.50 டாலர். அவர் ஒரு வாரம் ஆண்டு விடுமுறை எடுக்கிறார். 38 மணிநேரத்துக்கு அடிப்படைச் சம்பளம் 1,140 டாலர், லோடிங் 199.50 டாலர். அந்த வாரம் அவருக்குச் சேர வேண்டியது மொத்தம் 2,527 டாலர், வரிப்பிடிப்புக்கு முன். "ஒரு வாரத்துக்கு இரண்டு சம்பளமா?" என்று முதலில் மனம் ஒப்பாது. யோசித்துப் பாருங்கள்: லீவுச் சம்பளம் அவர் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்தது, இழப்பீடு காயத்துக்காகக் காப்புறுதி கொடுப்பது. ஒன்றை வைத்து மற்றதை அடைத்தால் காயத்தின் செலவை அவருடைய சேமிப்பிலிருந்து எடுப்பதாகத்தான் ஆகும். உங்களுக்கும் இதில் புதிய நஷ்டம் இல்லை. அந்த லீவு என்றைக்கிருந்தாலும் கொடுக்க வேண்டிய கடன்தான். அது இழப்பீட்டுக் கோரிக்கையின் செலவிலும் சேராது.

பே ஸ்லிப்பில் இரண்டையும் இரண்டு வரியாகக் காட்டுங்கள். வரி அலுவலகத்துக்குச் சம்பள விவரம் அனுப்பும் சிங்கிள் டச் பேரோலில் இழப்பீட்டுக்கு டபிள்யூ (W) என்ற தனிக் குறியீடு இருக்கிறது, லீவை அதில் கலக்காதீர்கள். கலந்தால் சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கும் கெடும்: வேலையே செய்யாத காலத்து இழப்பீட்டுக்கு சூப்பர் கட்டும் கட்டாயம் பொதுவாக இல்லை, ஆனால் ஆண்டு விடுமுறைச் சம்பளத்துக்கு உண்டு. 2025 ஜூலை 1 முதல் அது 12 சதவீதம். மேலே சொன்ன 1,140 டாலருக்கு 136.80 டாலர் சூப்பர் போக வேண்டும். இழப்பீட்டு வரியிலேயே லீவையும் போட்டுவிட்டால் இது விட்டுப்போகும். ஒரே சம்பளத்தில் தொகை இரட்டிப்பதால் அந்த வாரம் வரிப்பிடிப்பு கூடும் என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பிடித்தம் ஏமாற்று என்று நினைப்பார்.

பகுதி நேரமாகத் திரும்பியவர் லீவு எடுக்கும்போதுதான் சிக்கல். அவருடைய இழப்பீட்டைக் கணக்கிடுகையில், அவர் இப்போது சம்பாதிப்பது, அவரால் சம்பாதிக்க முடிவது, இரண்டில் பெரியதைக் காப்புறுதி நிறுவனம் கழிக்கிறது. லீவில் போனாலும் அந்த 15 மணிநேரம் உழைக்கும் திறன் அவருக்கு இருக்கிறது என்பதால், இழப்பீடு முழு அளவுக்கு ஏறாது. முன்பிருந்த அளவிலேயே தொடரும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். இன்னொன்று: 14-ஆம் வாரத்திலிருந்து 130-ஆம் வாரம் வரை விகிதம் பொதுவாக 80 சதவீதம்; வாரம் 15 மணிநேரமோ அதற்கு மேலோ வேலைக்குத் திரும்பியிருந்தால் 95 சதவீதம். லீவு வாரத்தை அந்த 15 மணிநேரக் கணக்கில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று லீவுக்கு முன்பே காப்புறுதி நிறுவனத்தின் கேஸ் மேனேஜரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைத்த பதில் மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. எத்தனை மணிநேரச் சம்பளம் கொடுக்கிறீர்களோ அத்தனை மணிநேரம்தான் லீவிலிருந்து கழிய வேண்டும். 15 மணிநேரம் கொடுத்துவிட்டு 38 கழிப்பதைக் கண்டால் உடனே திருத்துங்கள்.

காயம் நடந்த முதல் சில வாரங்களில் நடப்பதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. "இப்போதைக்கு ஆனுவல் லீவில் போடுகிறேன், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று அன்பாகவே சொல்கிறீர்கள். ஊழியரும் முதலாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று தலையாட்டிவிடுகிறார். அப்படிச் செய்யாதீர்கள். காயம் தெரிந்த 48 மணிநேரத்துக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டியது உங்கள் சட்டக் கடமை. அறிவித்த 7 நாளுக்குள், தக்க காரணம் காட்டி மறுத்தாலொழிய, தற்காலிக இழப்பீடு தொடங்க வேண்டும். பொறுப்பை ஏற்காமலேயே 12 வாரம் வரை காப்புறுதி நிறுவனத்தால் கொடுக்க முடியும். ஆகவே "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற இடைவெளியை லீவால் நிரப்ப அவசியமே இல்லை. இடையில் ஊழியருக்குப் பணம் வேண்டுமென்றால் நோய் விடுமுறையில் போடுங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டதும் அந்த மணிநேரங்களை அவர் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் நோய் விடுமுறைச் சம்பளமும் இழப்பீடும் ஒரே நாளுக்கு இரட்டிப்பாகக் கிடைக்காது. ஆண்டு விடுமுறைக்கும் நோய் விடுமுறைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய.

ஏற்கெனவே ஆண்டு விடுமுறையில் போட்டுவிட்டீர்களா? பின்தேதியிட்ட இழப்பீடு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்போது, "நான்தான் முன்பே சம்பளம் கொடுத்துவிட்டேனே" என்று அதை வைத்துக்கொள்ள முடியாது. அவர் உண்மையாகவே கேட்டு எடுத்த லீவு என்றால் இழப்பீட்டுப் பணம் அவரைச் சேர வேண்டும். நீங்களாகப் போட்ட லீவு என்றால், கொடுத்த பணத்தை இழப்பீடாக மாற்றிப் பதிந்து, லீவு மணிநேரங்களை முழுதும் திருப்பி வையுங்கள். பணமும் போய் லீவும் போன நிலையில் ஊழியரை விடுவது மட்டும் எந்தக் கணக்கிலும் நிற்காது.

இழப்பீடு 80 சதவீதத்துக்கு இறங்கியதும் மீதி 20 சதவீதத்தை லீவிலிருந்து எடுத்து நிரப்புகிறார்கள் சிலர். ஊழியரே எழுத்தில் கேட்டால், எடுத்த மணிநேரம் சரியாகப் பதிவானால், அதை லீவு எடுப்பதாகக் கொள்ளலாம். அவரிடம் கேட்காமல் மென்பொருளில் நிரந்தர ஏற்பாடாக வைப்பது கூடாது. ஓராண்டில் அவருடைய லீவு சத்தமில்லாமல் கரைந்துவிடும், அவருக்கு அது தெரியவும் தெரியாது.

டிசம்பர் மூடல் பற்றி. பெரும்பாலான அவார்டுகளில் 2023 மே 1 முதல், மூடலுக்கு லீவு எடுக்கச் சொல்ல 28 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு வேண்டும். போதிய லீவு இல்லாதவரை, அவர் சம்மதிக்காமல் சம்பளமில்லா லீவில் தள்ள முடியாது. இழப்பீட்டில் இருப்பவரையும் பட்டியலில் சேர்த்து இரண்டு வார லீவு போட்டால், அந்த இரண்டு வாரத்துக்கும் இழப்பீடும் சேர்ந்தே போக வேண்டும். பேரோல் அலுவலர் விடுமுறைக்குப் போகுமுன் எல்லாருக்கும் ஒரே கட்டளையாக லீவைப் போட்டுவிட்டு இழப்பீட்டு வரியை அழித்துவிடுவது வருடாவருடம் நடக்கிறது. மூடலுக்கு முந்திய வாரம் அந்த ஒரு பெயரை மட்டும் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

ஊரில் கல்யாணம், பெற்றோருக்குச் சுகமில்லை, அந்தியேட்டி என்று யாழ்ப்பாணமோ மதுரையோ போக லீவு கேட்பார்கள். காயப்பட்டவர் கேட்டால் உடனே சந்தேகப்படாதீர்கள். ஆண்டு விடுமுறைக் கோரிக்கையை நியாயமில்லாமல் மறுக்கக் கூடாது என்ற விதி அவருக்கும் பொருந்தும். ஆனால் அவரிடம் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். வேலைத்திறன் சான்றிதழ் பொதுவாக ஒரு தடவைக்கு 28 நாளுக்கு மேல் செல்லாது. நீண்ட காலம் வேண்டுமென்றால் வைத்தியர் சிறப்புக் காரணம் எழுத வேண்டும், காப்புறுதி நிறுவனம் அதை ஏற்க வேண்டும். சான்றிதழ் இடையில் அறுந்தால் இழப்பீடும் அறும். ஆறு வாரப் பயணம் என்றால் புறப்படுமுன்பே வைத்தியரிடம் போவது நல்லது. பிசியோ, ஸ்கேன், சுயாதீன மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஏற்கெனவே குறித்த நாள்கள் பயணத்தில் விழுந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனால், வேலைக்குத் திரும்ப ஒத்துழைக்கவில்லை என்று அறிவிப்பு அனுப்பி இழப்பீட்டை நிறுத்திவைக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. இன்னொரு விதி, இழப்பீடு பெறுபவர் ஆஸ்திரேலியாவில் வசிப்பதையே விட்டுவிட்டால் பொதுவாக வாராந்த இழப்பீடு நிற்கும் என்கிறது. போய்வரும் பயணம் அதில் வராது. இருந்தாலும் திரும்பும் டிக்கெட்டின் பிரதியை முன்கூட்டியே அனுப்பிவைத்தால் அந்தக் கேள்வி எழாது.

நீண்ட நாள் இழப்பீட்டில் இருப்பவருக்கு லீவு 8 வாரத்தைத் தாண்டக்கூடும். அவார்டுகளில் உள்ள மிகைலீவு விதி அப்போது பொருந்தலாம். முதலில் பேசிப் பாருங்கள். உடன்பாடு வராவிட்டால் மட்டும் லீவு எடுக்கச் சொல்லி எழுத்துக் கட்டளை. கட்டளை கொடுத்த நாளிலிருந்து லீவு தொடங்க குறைந்தது 8 வாரம் இருக்க வேண்டும், எடுத்த பிறகு 6 வாரமாவது மிஞ்ச வேண்டும். அந்த லீவிலும் இழப்பீடு நிற்காது என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக வேலையை விட்டுப் போகும் நாள். காயத்தால் வேலைக்குத் தகுதியற்றவரான ஊழியரை, அந்தக் காரணத்துக்காக முதல் 6 மாதத்துக்குள் நீக்குவது 1987 சட்டத்தின் 248-ஆம் பிரிவின்படி குற்றம். அதற்குப் பிறகு எந்த வழியில் வேலை முடிந்தாலும், இழப்பீட்டுக் காலத்தில் சேர்ந்த லீவும் இறுதிச் சம்பளத்தில், லோடிங் உரிமை இருந்தால் அதுவும் சேர்த்து, வர வேண்டும். ஆங்கிலிக்கன் கேர் வழக்கும் வேலை முடிந்தபோது கொடுக்காத லீவைப் பற்றியதுதான். கொடுக்காத தொகையை 6 ஆண்டு வரை கேட்கலாம். 100,000 டாலர் வரை சிறு கோரிக்கை நடைமுறையிலேயே வழக்குப் போடலாம். 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது ஃபெயர் வொர்க் சட்டத்தின்படி கிரிமினல் குற்றமும் ஆகிறது. தெரியாமல் நடந்த பிழை அதில் வராது. ஆனால் ஊழியர் எழுத்தில் சுட்டிக்காட்டிய பிறகும் திருத்தாமல் இருந்தால், தெரியாது என்று சொல்வது கடினமாகிவிடும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். கடந்த 6 ஆண்டில் இழப்பீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் எடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்து. சம்பளப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் அவை உங்களிடம் இருக்கும். இழப்பீட்டு வாரங்களை எண்ணுங்கள், அவருடைய வழக்கமான வாராந்த மணிநேரத்தை 52-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் வாரத்துக்கு ஏற வேண்டிய லீவு வரும். ஆண்டுக்கு 5 வார லீவு உள்ள ஷிப்ட் ஊழியர் என்றால் 5-ஆல். பே ஸ்லிப்பில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால், இன்னும் வேலையில் இருப்பவருக்கு மணிநேரமாகக் கணக்கில் ஏற்றி, ஏற்றிய விவரத்தைக் கடிதமாகக் கொடுங்கள். போய்விட்டவருக்குப் பணமாக அனுப்பி, சூப்பர், வரிப்பிடிப்பு பற்றி உங்கள் கணக்காளரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

இணையத்தில் தேடும்போது நியூ சவுத் வேல்ஸ் என்று போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டமும் வேறு. விக்டோரியாவிலோ குயின்ஸ்லாந்திலோ இருக்கும் உறவினர் சொன்ன விடை அங்கே சரியாக இருந்து இங்கே தவறாக இருக்கலாம். மெல்பேர்னிலும் கிளை வைத்திருப்பவர்கள் இரண்டு கிளைக்கும் ஒரே அமைப்பை வைக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஃபெயர் வொர்க் ஒம்புட்ஸ்மன் 13 13 94. இழப்பீடு தொடர்பாக ஊழியருக்கு வழக்கறிஞர் உதவி தேவைப்பட்டால் சுயாதீன மறுஆய்வு அலுவலகம் 13 94 76. தகுதியுள்ள கோரிக்கைகளுக்கு அவர்களே சட்டச் செலவுக்கு நிதி கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் ஊழியருக்கு 13 14 50 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். இந்த மூன்று எண்களையும் வேலையிடத்தில், இழப்பீட்டுக் காப்புறுதி அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கும் காயப்பட்டோர் வேலைக்குத் திரும்பும் ஏற்பாடும் பார்ப்பவர்கள்
சிட்னி